வாசலைத் தைத்த வெள்ளச்சி

காட்டோரத்தில் ஒரு குளம். குளக்கரையில் ஒரு பழைய வீடு. முன்பு வனக்காவலர் குடும்பம் ஒன்று அங்கே இருந்தது. இப்போது ஆளில்லை. அந்த வீட்டின் பின்சுவரில்தான் சுவர்ச் சிலந்திகள் வாழ்ந்தன.

மரத்துக்கு மரம் வலை கட்டி, நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருக்குமே, அந்தச் சிலந்தி என்று நினைத்துவிடாதீர்கள். இவை கேழ்வரகு அளவுதான் இருக்கும். சுவரோடு சுவராக ஒட்டி, நூலால் ஒரு தட்டையான கூடாரம் போடும். கூடாரத்தைச் சுற்றிலும் வாசல்கள் இருக்கும். வீடு என்றால் அவ்வளவுதான்.

ஆள் சிறிசு என்றாலும் வேலை பெரிசு! எறும்பு ஒன்று வாசல் பக்கம் வந்தால் போதும். சிலந்தி வெளியே பாய்ந்து, எறும்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஓட ஓடப் பின்னாலிருந்து நூல் வரும். "என்ன, ஏது?" என்று எறும்பு கேட்பதற்குள் அதை மூட்டையாகக் கட்டிவிடும்.

அந்தச் சுவரில் எத்தனை வகைச் சிலந்திகள் தெரியுமா? மேலே சுண்ணாம்புப் பூச்சு மிச்சமிருந்தது. அங்கே வெளிறிய சிலந்திகள் இருந்தன. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்த இடத்தில் செம்பழுப்புச் சிலந்திகள். அடியில் கருங்கல்லில் கறுப்புப் புள்ளிச் சிலந்திகள். சன்னல் மரத்தில் கால் முழுக்க ரோமத்தோடு இன்னொரு வகை. நம் கண்ணுக்கு எல்லாமே தூசிதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள், "இது ஒரு இனம், அது வேறு இனம்" என்று பிரித்துச் சொல்வார்கள். சிலந்திகளுக்கு அந்தக் கவலையே இல்லாமல் இருந்தது.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அதற்கு 'நகர்வு' என்று பெயர்.

வெயில் ஏறினால் கருங்கல் சுடும். காற்றடித்தால் செங்கல் தூள் உதிரும். மழை பெய்தால் சுண்ணாம்பு ஊறும். அன்றைக்கு யாருடைய கூடாரம் கெட்டதோ, அவர் பக்கத்துக் கூடாரத்துக்குள் நேராக ஓடிவிடுவார். அங்கே இருப்பவர் சண்டை போடமாட்டார்.

"வாங்க, வாங்க! நான் கிளம்புறேன்!" என்று சொல்லிவிட்டு இன்னொரு வாசல் வழியாக வெளியேறி, அடுத்த கூடாரத்துக்குள் போவார். அங்கிருப்பவரும், "வாங்க! நான் கிளம்புறேன்!" என்பார். இப்படியே ஒவ்வொருவராக நகர்ந்து, கடைசி ஆள் காலி இடமாகப் பார்த்துப் புதுக் கூடாரம் போட்டுக்கொள்வார். கூடாரத்தில் முட்டைப் பை இருந்தால், யார் வந்து உட்காருகிறாரோ அவரே காவல். முட்டையிட்டவள் அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறதா? இருக்கட்டும். அவர்கள் அப்படித்தான் நிம்மதியாக வாழ்ந்தார்கள்.

நிம்மதி இல்லாதது ஒரே ஒருத்திக்குத்தான். அது அந்தச் சுவரிலிருந்த பல்லி.

பல்லி ஒரு கூடாரத்தைக் கிழிப்பாள். உள்ளே இருந்த சிலந்தி பக்கத்துக் கூடாரத்துக்குள் ஓடும். அங்கிருந்த சிலந்தி வெளியே வரும். பல்லி அதைப் பார்த்துத் திரும்புவதற்குள் அது அடுத்த கூடாரத்துக்குள் போய்விடும். அங்கிருந்து ஒன்று கிளம்பும். பல்லிக்கு மேலே பார்ப்பதா, கீழே பார்ப்பதா என்றே தெரியாது. தலை சுற்றி நின்றுவிடுவாள்.

"சே! ஒருத்தியைத் துரத்தினா ஊரே நகருதே! இதுங்க வாசலைத் திறந்து வச்சிருக்கிற வரைக்கும் என் வயிறு காயத்தான் செய்யும்!" என்று புலம்பினாள்.

புலம்பியதோடு விட்டாளா? இல்லை. உட்கார்ந்து யோசித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வெள்ளச்சி முட்டையிட்டாள். வெள்ளச்சி சுண்ணாம்புப் பூச்சில் வாழ்ந்த வெளிறிய சிலந்தி. பூச்சு முடிந்து செங்கல் ஆரம்பிக்கிற ஓரத்தில் அவள் கூடாரம் இருந்தது. அவளுக்கு இதுதான் முதல் முட்டை. பஞ்சு மாதிரி ஒரு சின்னப் பை. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். எறும்பு பிடிக்கப் போனால் பாதியிலேயே திரும்பிவிடுவாள்.

அடுத்த வீட்டுக்காரி செவத்தி. செங்கல்லில் வாழ்ந்த செம்பழுப்புச் சிலந்தி. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

"ஏண்டி, முட்டை என்ன ஓடியா போயிடும்? போய் ஏதாவது சாப்பிடு! நீ இப்படி இளைச்சா குஞ்சு வெளிய வந்ததும் உன்னைத் தூசின்னு நினைச்சுத் தாண்டிப் போயிடும்!" என்று செவத்தி சிரிப்பாள்.

வெள்ளச்சியும் சிரிப்பாள். ஆனாலும் நகரமாட்டாள்.

பல்லி மேலே ஓட்டுச் சந்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். செவத்தி எறும்பு பிடிக்கப் போன நேரமாகப் பார்த்து மெல்ல இறங்கி வந்தாள். கிட்டே வரவில்லை. தள்ளியே நின்றுகொண்டாள்.

"பயப்படாதே வெள்ளச்சி! நான் இன்னைக்குச் சாப்பிட்டாச்சு. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. அதான் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்ன பல்லியக்கா?" என்று வெள்ளச்சி உள்ளிருந்தே கேட்டாள்.

"நாளைக்கு நகர்வு வந்தா, உன் முட்டைகிட்ட யார் உட்காருவா?"

"செவத்திதான். பக்கத்து வீடாச்சே!"

"அவ உன் இனமா?"

வெள்ளச்சிக்குப் புரியவில்லை. "இனம்னா?"

பல்லி கண்ணை அகலமாக விரித்தாள். "அடடா! இதுகூடத் தெரியாதா? நீ சுண்ணாம்பு இனம். வெள்ளை. அவ செங்கல் இனம். முதுகுல கோடு பார்த்ததில்லையா? அந்தக் கருங்கல்காரனுங்க வேற இனம். சன்னல்ல இருக்கிறதுங்க கால் பூரா ரோமம். அதுங்க இன்னும் வேற! மேலேருந்து பார்க்கிற எனக்குத் தெரியுது, உள்ளேயே உட்கார்ந்திருக்கிற உனக்கு எப்படித் தெரியும்? வேற இனத்துக்காரி உன் முட்டையைத் தன் முட்டையா நினைப்பாளா? பசி வந்தா என்ன பண்ணுவாளோ, யார் கண்டது?"

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ச்ச்... ச்ச்... ச்ச்..." என்று உச்சுக் கொட்டினாள்.

வெள்ளச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் தெரியுமா? வனக்காவலர் வீட்டில் ஆட்கள் இருந்தபோது ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஏதாவது சொல்லும்போது பல்லி உச்சுக் கொட்டினால், "பாரு, பல்லியே சொல்லிடுச்சு! அப்ப உண்மைதான்!" என்பார்கள். சுவரில் இருந்த சிலந்திகளுக்கும் அது காதில் விழுந்து, மனதில் பதிந்துவிட்டது. பல்லி உச்சுக் கொட்டினால் உண்மை! அவ்வளவுதான்.

சொன்னதும் பல்லி, உச்சுக் கொட்டியதும் அதே பல்லி. இதை வெள்ளச்சி யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. முட்டை வைத்திருக்கிறவள் பயத்தில் வேறெதை யோசிப்பாள்!

"அக்கா, நான் இப்ப என்ன பண்றது?" என்று கேட்டாள்.

"உன்கிட்ட நூல் இருக்கே! வாசலை எல்லாம் தைச்சிடு!" என்றாள் பல்லி.

வெள்ளச்சி தைத்தாள். ஒரு வாசல் விடாமல், ஒன்றன் பின் ஒன்றாக எல்லாவற்றையும் தைத்தாள். தைத்து முடித்ததும் முட்டைப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இருட்டாக இருந்தாலும் மனதுக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

பல்லி பிறகு எங்கே போனாள் என்று நினைக்கிறீர்கள்? நேராகச் செவத்தி வீட்டுக்கு! எறும்பைத் தின்றுவிட்டுச் செவத்தி அப்போதுதான் உள்ளே வந்து காலை நீட்டியிருந்தாள். பல்லி ஒரே இழுப்பில் கூடாரத்தைக் கிழித்தாள்.

செவத்தி பழக்கப்படி வெள்ளச்சி வீட்டுக்கு ஓடினாள். வாசல் இல்லை! அந்தப் பக்கம் ஓடினாள். அங்கேயும் இல்லை!

"வெள்ளச்சி! ஏய் வெள்ளச்சி! வாசல் எங்கடி?"

"தைச்சுட்டேன்!" என்றது உள்ளேயிருந்து குரல்.

"தைச்சுட்டியா? பல்லி பின்னால வர்றாடி! திற!"

"நீ... நீ எந்த இனம்?"

"இனமா? என்னடி உளறுறே? நான் செவத்தி! உன் பக்கத்து வீட்டுச் செவத்தி!"

வெள்ளச்சி உள்ளே எழுந்து தையல் பக்கம் வந்தாள். திறக்கலாமா என்று ஒரு காலை நீட்டினாள். முட்டைப் பையைப் பார்த்தாள். நீட்டிய காலை இழுத்துக்கொண்டாள்.

"நீ செங்கல் இனம். நான் சுண்ணாம்பு. வேற வீடு பாரு!" என்றாள்.

செவத்தி அப்படியே நின்றுவிட்டாள். பல்லியின் வாய் வந்து விழுந்தது. செவத்தி நூலைப் பிடித்துக்கொண்டு சுவரிலிருந்து குதித்தாள். உயிர் பிழைத்தாள். ஆனால் ஒரு கால் பல்லியின் வாயிலேயே போய்விட்டது.

கீழே கருங்கல்லில் கருப்பட்டி இருந்தான். நல்ல கொழுத்த, கறுப்புப் புள்ளிச் சிலந்தி. சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் அவசரம் காட்டாதவன். செவத்தி நொண்டிக்கொண்டு உள்ளே வந்ததும், "வா தங்கச்சி, நான் கிளம்புறேன்" என்று எழுந்தான். அவள் காலைப் பார்த்ததும் போகாமல் பக்கத்திலேயே ஒரு சின்னக் கூடாரம் போட்டுக்கொண்டான்.

ஒரு கால் கிடைத்ததும் பல்லி ருசி கண்டுவிட்டாள். சுவர் முழுக்கப் போய்ச் சொன்னாள். செங்கல்காரர்களிடம், "வெள்ளச்சி செவத்தியைத் துரத்தினதைப் பார்த்தீங்களா? சுண்ணாம்பு இனத்துக்கு அவ்வளவு திமிர்!" என்றாள். சுண்ணாம்புக்காரர்களிடம், "செங்கல் இனம் உங்க மேல கோபமா இருக்கு. ஜாக்கிரதை!" என்றாள். சன்னல்காரர்களிடம், "உங்க ரோமக் காலைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க!" என்றாள். ஒவ்வொரு இடத்திலும் மறக்காமல் உச்சுக் கொட்டினாள்.

அவ்வளவுதான்! செவத்தியையும் கருப்பட்டியையும் தவிர, சுவர் முழுக்க வாசல்களைத் தைத்துவிட்டார்கள்.

எறும்புகளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "இந்தச் சுவர்ல இப்ப யாருமே இல்லப்பா! வாங்க, வாங்க, குடும்பத்தோட வாங்க!" என்று கூடாரங்களின் மேலேயே ஏறி ஊர்வலம் போயின. உள்ளே சிலந்திகள் பசியோடு அவற்றின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

பசி தாங்காதவர்கள் தையலைப் பிரித்து வெளியே வந்தார்கள். வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'நான் இல்லாத நேரத்தில் வேறு இனத்தார் யாராவது நுழைந்துவிட்டால்?' என்று வாசலை மறுபடி வெளியிலிருந்து தைத்துவிட்டுப் போனார்கள்! திரும்பி வந்து அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது பல்லி அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பாவம், சிலர் வீட்டுக்குள் போகவேயில்லை. எனக்குச் சொல்லவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

பல்லி மட்டும் கொழுத்துக்கொண்டே போனாள்.

அப்புறம் மழை வந்தது. தூறல் இல்லை, பேய் மழை! ஓடு உடைந்த இடம் வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கியது. சுண்ணாம்புப் பூச்சு ஊறியது. ஊறி, உப்பி, சுவரைவிட்டு மெல்ல மெல்லப் பிரிய ஆரம்பித்தது.

வெள்ளச்சி உட்கார்ந்திருந்த இடம் அசைந்தது. அவள் துள்ளி எழுந்தாள். முட்டைப் பையைத் தூக்கப் பார்த்தாள். அது பூச்சோடு ஒட்டியிருந்தது. சரி, வெளியே போய் யாரையாவது கூப்பிடலாம் என்றால் வாசல் ஏது? அவளே தைத்த தையல்! மழையில் நனைந்து நூல் இறுகிவிட்டது. கடித்துப் பார்த்தாள். பட்டினி கிடந்த வாயில் பலமில்லை.

"யாராவது வாங்களேன்! என் முட்டை! என் முட்டை விழப்போகுது!" என்று கத்தினாள்.

சுண்ணாம்பு இனத்தார் எல்லாருக்கும் கேட்டது. ஆனால் அவர்களும் அதே பூச்சின் மேல்தானே இருந்தார்கள்! ஒவ்வொரு கூடாரமும் ஆடியது. ஒவ்வொருவரும் தங்கள் தையலையே கடித்துக்கொண்டிருந்தார்கள். "நாங்களே விழப்போறோம், எங்களை யார் தூக்கறது?" என்று அவர்களும் கத்தினார்கள்.

கீழே கருங்கல்லில் செவத்திக்கும் அந்தக் குரல் கேட்டது.

"வெள்ளச்சி குரல் மாதிரி இருக்கே!" என்றான் கருப்பட்டி.

"இருக்கட்டும். கத்தட்டும்! எனக்கென்ன?" என்றாள் செவத்தி.

"முட்டை விழப்போகுதாம்."

செவத்தி காலில்லாத இடத்தைத் தடவிக்கொண்டாள். மறுபடி அந்தக் குரல் கேட்டது. இந்தத் தடவை கத்தல் இல்லை, அழுகை. செவத்தி சட்டென்று எழுந்தாள்.

"எனக்குக் கோபம் வெள்ளச்சி மேலதான். முட்டை மேல எனக்கென்ன கோபம்? வாண்ணே, போகலாம்!"

நொண்டிக்கொண்டே அவள் மேலே ஓடினாள். கருப்பட்டி, வாழ்க்கையில் முதல்முறையாக, சாப்பாடு இல்லாத ஒரு விஷயத்துக்காக வேகமாக ஓடினான்.

வழியில் செங்கல்லில் எல்லா வாசலும் தைத்திருந்தது. செவத்தி ஒவ்வொரு கூடாரத்தையும் தட்டினாள். "சுண்ணாம்பு பிரியுது! எல்லாரும் விழப்போறாங்க! வெளிய வாங்க!"

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "அவங்கதானே உன்னை வெளிய நிறுத்தினாங்க? நீ எதுக்குப் போறே?"

"நான் வெளிய நின்னிருக்கேன். அதனாலதான் போறேன்!" என்று கத்திவிட்டுச் செவத்தி ஓடினாள்.

பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தது. இருவரும் தாண்டிக் குதித்தார்கள். கருப்பட்டி தையலைக் கடித்துக் கிழித்தான். உள்ளேயிருந்து வெள்ளச்சி தலையை நீட்டினாள். எதிரே செவத்தி!

வெள்ளச்சி அழுதுவிட்டாள். "செவத்தி... நான்..."

"அழுகையெல்லாம் அப்புறம்! முதல்ல மூட்டை கட்டு!" என்றாள் செவத்தி.

"மூட்டையா?"

"எறும்பைக் கட்டுவோமே, அப்படி! சுத்தி ஓடுடி!"

செவத்தி முட்டைப் பையைச் சுற்றி ஓடினாள். அவள் பின்னால் வெள்ளச்சி. அவள் பின்னால் கருப்பட்டி. மூவரும் சுற்றச் சுற்றப் பை மேல் நூல் ஏறியது. வெள்ளை இழை, பழுப்பு இழை, சாம்பல் இழை என்று எல்லாம் ஒன்றாகப் பின்னிக்கொண்டது. பிறகு கருப்பட்டி நூல் நுனியை இழுத்துக்கொண்டு செங்கல்லுக்குத் தாவி, அங்கே இறுக்கி ஒட்டினான். செவத்தியும் வெள்ளச்சியும் பை பூச்சோடு ஒட்டியிருந்த இடத்தைக் கடித்தார்கள்.

பை விடுபட்டது. ஊஞ்சலாடி, செங்கல்லில் போய் மெத்தென்று மோதி நின்றது. முட்டை ஒன்றுகூட உடையவில்லை!

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கருப்பட்டி கூத்தாடினான்.

இதற்குள் சுண்ணாம்பு இனத்தார் ஒவ்வொருவராகத் தையலைப் பிரித்து வெளியே வந்து, குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு செங்கல் பக்கம் தாவினார்கள். நனைந்து நடுங்கிக்கொண்டு மூடிய கூடாரங்களின் முன்னால் நின்றார்கள். தட்டக் கூச்சமாக இருந்தது. என்ன முகத்தோடு தட்டுவது?

அப்போது பார்த்து மேலே ஓட்டுச் சந்திலிருந்து பல்லி எட்டிப் பார்த்தாள். வெட்டவெளியில் அத்தனை சிலந்திகள்! ஒளிய ஒரு வாசல்கூட இல்லை! அவளுக்கு நாக்கில் நீர் ஊறியது.

"அடேங்கப்பா! விருந்தே வச்சிருக்கீங்களே!" என்று சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

வெள்ளச்சி பல்லியைப் பார்த்தாள். முட்டைப் பையைப் பார்த்தாள். அது செங்கல்லில் அப்பட்டமாகத் தொங்கியது. அவள் பக்கத்துக் கூடாரத்துக்கு ஓடி, அதன் மேல் தடதடவென்று தட்டினாள்.

"அண்ணே! அக்கா! யாரா இருந்தாலும் சரி! தப்பு என்னுதுதான்! நான்தான் முதல்ல தைச்சேன்! என்னை உள்ள விட வேண்டாம். இவங்களை விடுங்க! இவங்க குஞ்சுகுளுவானோட நிக்கிறாங்க!"

அந்தக் கூடாரத்தில் "டப்" என்று ஒரு தையல் அறுந்தது. ஒரு செம்பழுப்புச் சிலந்தி தலையை நீட்டியது.

"வாங்க, வாங்க! நான் கிளம்புறேன்!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் சுவருக்கே உயிர் வந்தது! டப், டப், டப் என்று எங்கே பார்த்தாலும் தையல் அறுந்தது. "வாங்க! நான் கிளம்புறேன்!" "வாங்க! நான் கிளம்புறேன்!" வெளிறியது செங்கல்லுக்குள் போனது. செம்பழுப்பு கருங்கல்லுக்கு இறங்கியது. கறுப்புப் புள்ளி சன்னலுக்கு ஏறியது. ரோமக்கால் எங்கேயோ போனது. செவத்தி முட்டைப் பை தொங்கிய இடத்திலேயே அவசரமாக ஒரு கூடாரத்தைப் போட்டு, வெள்ளச்சியைப் பையோடு உள்ளே தள்ளிவிட்டுத் தானும் நுழைந்துகொண்டாள்.

பல்லி சுவரின் நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் பாய்ந்தாள், இல்லை. அந்தப் பக்கம் பாய்ந்தாள், இல்லை. மேலே ஒன்று ஓடியது. கீழே ஒன்று ஓடியது. "அய்யோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களே!" என்று அலறினாள்.

அலறியவள் தான் நிற்கும் இடம் எது என்று பார்க்கவில்லை. பிரிந்து தொங்கிக்கொண்டிருந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல்தான் அவள் நின்றாள். சிலந்திகளைத் தின்று கொழுத்த உடம்பு வேறு! பூச்சு ஒருமுறை முனகியது. பிறகு பல்லியோடு சேர்ந்து பெயர்ந்து, சுவரடியில் குளத்துத் தண்ணீர் தேங்கி நின்ற பள்ளத்தில் "தொபுக்கடீர்!" என்று விழுந்தது.

விழுந்த பயத்தில் அவள் வால் அறுந்து தனியாகத் துள்ளியது. பல்லி சேற்றிலிருந்து எழுந்து வாலையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். நாலு பக்கமும் திறந்த வாசல்களிலிருந்து குட்டிக் குட்டிக் கண்கள் அவளைப் பார்த்தன.

"இந்தச் சுவரே ராசியில்ல!" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டாள். உச்சுக் கொட்டத் தோன்றவில்லை.

மழை விட்டது. வெயில் வந்தது. செங்கல்லில் ஈரம் காய்ந்தது. மேலே பூச்சு விழுந்த இடத்தில் இப்போது புதுச் செங்கல் தெரிந்தது. இனி அது யாருடைய இடம் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் உரிமை கேட்கவில்லை. கடைசியாக நகர்ந்து வந்தவர்கள் அங்கே கூடாரம் போட்டுக்கொண்டார்கள்.

முட்டைகள் பொரிந்தன. கண்ணுக்கே தெரியாத குஞ்சுகள், வெளிறிய குஞ்சுகள், திபுதிபுவென்று நாலாபக்கமும் ஓடின. ஒன்று கருப்பட்டி வீட்டுக்குள் புகுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கருப்பட்டி, எறும்பை விட முடியாமல் இழுத்துக்கொண்டே, "வா, வா! நான் கிளம்புறேன்!" என்று கிளம்பினான். குஞ்சு ஒன்றும் புரியாமல் அந்தப் பெரிய கூடாரத்தின் நடுவில் நின்றது. எல்லாரும் சிரித்தார்கள்.

வெள்ளச்சி மட்டும் சிரிக்கவில்லை. செவத்தியிடம் வந்து நின்றாள்.

"உன் காலு..." என்று ஆரம்பித்தாள்.

செவத்தி அவளை நேராகப் பார்த்தாள். "கால் போனது வலிச்சுது. ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. என் குரல் தெரிஞ்சும் 'நீ எந்த இனம்?'னு கேட்டே பாரு, அதுதான்டி இன்னும் வலிக்குது."

"நான் என்ன செஞ்சா அது போகும்?"

செவத்தி யோசித்தாள். அப்போது எறும்பு ஒன்று மிதப்பாக அந்தப் பக்கம் வந்தது. "இப்பவும் இந்தச் சுவர்ல யாரும் இல்லதானே?" என்று கேட்டுக்கொண்டே வந்தது.

"முதல்ல அதைப் பிடி! எனக்கு ஒரு கால் குறைவு, நீதான் எனக்கும் சேர்த்து ஓடணும். பாதி உனக்கு, பாதி எனக்கு. தினமும் இப்படி ஓடு. என்னைக்காவது ஒரு நாள் வலி போச்சான்னு நானே சொல்றேன்!" என்றாள் செவத்தி.

வெள்ளச்சி பாய்ந்து ஓடினாள். எறும்பைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். "இடப்பக்கம்! இடப்பக்கம்! அடியே, அது தப்பிக்குது பார்!" என்று செவத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டினாள். வெள்ளச்சிக்கு மூச்சு வாங்கியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவள் ஓடிக்கொண்டேயிருந்தாள்.

ஓடி வந்தவரிடம் இனம் கேட்டு வாசலை அடைக்கிறவர், ஆபத்து வரும் நாளில் தான் ஓடுவதற்கும் ஒரு வாசல் இல்லாமல் செய்துகொள்கிறார்.